மிக்ஸிக்கு வாட் கேட்கிறோம், கேமிங் லேப்டாப்புக்கு ஏன் கேட்பதில்லை?

மிக்ஸி வாங்கப் போனால் "எத்தனை வாட்?" என்று கேட்காமல் யாரும் திரும்புவதில்லை. தேங்காய்ச் சட்னிக்கு 500 வாட் போதும், மல்லியும் மஞ்சளும் அரைக்க 750 வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு. அதே வீட்டில் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்து, படிப்புக்கும் ஆகிற, கேமும் ஓடுகிற லேப்டாப் ஒன்று வாங்கப் போகும்போது மட்டும் இந்தக் கேள்வி காணாமல் போகிறது. "ஆர்டிஎக்ஸ் 4060 இருக்கா? ஐ7-ஆ? 16 ஜிபி ரேமா?" மூன்றுக்கும் ஆமாம் என்றதும் பணம் கட்டிவிடுகிறார்கள்.

பிறகு ஹாஸ்டலில் பக்கத்து அறைப் பையனிடமும் அதே 4060 கிராபிக்ஸ் கார்டு இருக்கும். அதே கேம் அவனிடம் வழுக்கிக்கொண்டு ஓடும், இங்கே திக்கித் திணறும். "நமக்கு வந்த பீஸ் சரியில்லை" என்று சர்வீஸ் சென்டருக்கு அலைவார்கள். பீஸில் ஒரு பழுதும் இருக்காது. வாங்கும்போது கேட்க வேண்டிய வாட்டைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். குடும்பம் சேர்த்து வைத்த 80,000, 90,000 ரூபாய் போகிற இடம் இது. கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்வது நல்லது.

## கிராபிக்ஸ் கார்டு செய்யும் வேலை

வாசல் நிறையப் பெரிய புள்ளிக்கோலம் போட வேண்டும் என்று வையுங்கள். கை தேர்ந்த ஒருவரே போட்டால் அழகாக வரும், ஆனால் நேரமாகும். தெருவே திரண்டு ஆளுக்கொரு புள்ளி வைத்தால் நிமிடத்தில் முடியும். லேப்டாப்பின் பிராசஸர் அந்தக் கை தேர்ந்த ஆள்: சிக்கலான வேலையை ஒவ்வொன்றாக, வேகமாகச் செய்யும். கிராபிக்ஸ் கார்டு, சுருக்கமாக ஜிபியு, தெருவில் திரண்ட கூட்டம்: எளிய கணக்குகளை ஒரே நேரத்தில் ஆயிரக்கணக்கில் போடும். லேப்டாப் 4060-க்குள் இப்படி 3,072 சிறு கணக்குப்பிள்ளைகள் இருக்கிறார்கள்.

1920-க்கு 1080 அளவுள்ள திரையில் சுமார் 20.7 லட்சம் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளிக்கும் நிறம் கணக்கிட்டு ஒரு முழுப் படத்தைத் தீட்டி முடித்தால் அது ஒரு ஃபிரேம். நொடிக்கு 60 ஃபிரேம் வந்தால் கண்ணுக்கு அசைவு சீராகத் தெரியும். அதாவது, ஒரு நொடிக்குள் 12 கோடிக்கும் மேற்பட்ட புள்ளிகளுக்கு நிறம் முடிவாக வேண்டும். முப்பரிமாண வரைபட மென்பொருளில் ஒரு இயந்திர பாகத்தைச் சுழற்றிப் பார்ப்பதும், மெஷின் லேர்னிங்கில், அதாவது தரவிலிருந்து கணினியே கற்றுக்கொள்ளும் முறையில், ஒரு மாடலைப் பயிற்றுவிப்பதும் இதே வகைக் கூட்டு வேலைதான். அதனால்தான் கேமுக்கு வாங்கும் கார்டு பொறியியல் படிப்புக்கும் கை கொடுக்கிறது.

## பெயர் ஒன்று, மின்சாரம் வேறு

இப்போது மிக்ஸிக்கு வருவோம். 4060 என்பது உள்ளே உள்ள சிப்பின் பெயர் மட்டும். அந்தச் சிப்புக்கு எவ்வளவு மின்சாரம் கொடுக்கலாம் என்பதை ஒவ்வொரு மாடலுக்கும் லேப்டாப் தயாரிக்கிற நிறுவனமே முடிவு செய்கிறது. சிப்பை வடிவமைக்கும் என்விடியா நிறுவனம் இதற்கு அனுமதித்த வரம்பு 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை. மூன்று மடங்குக்கு மேல் வித்தியாசம். 45 வாட் கொடுத்து மெல்லிய லேப்டாப்பில் வைத்தாலும் 4060, 115 வாட் கொடுத்துத் தடித்த லேப்டாப்பில் வைத்தாலும் 4060. ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் எந்த வேறுபாடும் தெரியாது.

கார்டின் சிப்பும் அதன் நினைவகமும் சேர்ந்து இழுக்க அனுமதிக்கப்பட்ட இந்த அளவுக்குப் பெயர் டிஜிபி, அதாவது மொத்த கிராபிக்ஸ் மின்திறன். சில நிறுவனங்கள் இதையே எம்ஜிபி, அதிகபட்ச கிராபிக்ஸ் மின்திறன், என்று எழுதும். 2020 வரை வாட் குறைந்த கார்டுகளுக்குப் பெயரோடு 'மேக்ஸ்-க்யூ' என்ற வால் இருந்தது, பார்த்தாலே தெரிந்துவிடும். 2021-ல் வந்த 30 வரிசையிலிருந்து (3050, 3060 போன்றவை) அந்த வால் பெயரில் இல்லை. அன்று தொடங்கிய குழப்பம் இன்றும் தொடர்கிறது.

வாட் கூடினால் வேகம் ஏன் கூட வேண்டும்? அந்த 3,072 பேரும் ஒரு தாளத்துக்குக் கணக்குப் போடுகிறார்கள். தாளம் வேகமானால் வேலை வேகமாகும், ஆனால் வேகமான தாளத்துக்குச் சிப்புக்குக் கூடுதல் மின்னழுத்தம் வேண்டும், மின்செலவு சரசரவென ஏறும். பைக்கில் 50-ல் போகும்போது கிடைக்கும் மைலேஜ் 90-ல் கிடைக்காதே, அது போல. இதனால்தான் 45 வாட்டிலிருந்து 80-க்குப் போனால் வேகம் நன்றாகத் தெரியும். 80-லிருந்து 100-க்கு ஓரளவு தெரியும். 100-லிருந்து 140-க்குப் போனால் (115-க்கு மேல் உள்ளது பிராசஸரிடமிருந்து கடன் வாங்கும் வாட்) 4050, 4060 போன்ற கார்டுகளில் பெரிதாக ஒன்றும் ஏறாது. 140 வாட் என்ற விளம்பரத்துக்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்க வேண்டாம். 45 வாட்டில் கிடக்கும் 4060-ஐ விட 95 வாட் கிடைக்கும் 4050 பல கேம்களில் முந்திவிடும். 50 வரிசைக்கும் இதே கதைதான்: லேப்டாப் 5060-இன் வரம்பு 45-லிருந்து 100 வாட்.

இன்னொரு பெயர்க் குழப்பமும் உண்டு. யூடியூபில் பார்க்கிற கேம் சோதனைகளில் பல டெஸ்க்டாப் கார்டுகளில் எடுத்தவை. டெஸ்க்டாப் 4070-இல் 12 ஜிபி நினைவகம், 5,888 கணக்குப்பிள்ளைகள்; லேப்டாப் 4070-இல் 8 ஜிபி, 4,608 பேர். பெயர்தான் ஒன்று. 'லேப்டாப் ஜிபியு' என்று தெளிவாகச் சொல்லும் சோதனைகளை மட்டும் நம்புங்கள்.

இதுவரை சொன்னது: கார்டின் பெயர் சிப்பைச் சொல்கிறது, டிஜிபி அந்தச் சிப்புக்குக் கிடைக்கும் மின்சாரத்தைச் சொல்கிறது. இரண்டும் தெரிந்தால்தான் வேகம் தெரியும்.

## மிக்ஸியின் சிவப்புப் பட்டன்

மிக்ஸியைக் கவிழ்த்தால் அடியில் ஒரு சின்ன சிவப்புப் பட்டன் இருக்கும். மாவு கெட்டியாகி மோட்டார் திணறினால் டப்பென்று நின்றுவிடும். கொஞ்சம் ஆறவிட்டு அந்தப் பட்டனை அழுத்தினால்தான் மறுபடி சுற்றும். மோட்டார் சூடேறிக் கருகிவிடாமல் காக்கிற ஏற்பாடு அது. பக்கத்திலேயே காற்றுத் துளைகளும் இருக்கும்.

லேப்டாப்புக்குள்ளும் இதே காவல் உண்டு, ஆனால் அது டப்பென்று நிற்பதில்லை. சத்தமில்லாமல் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. இதைத்தான் திராட்லிங் என்கிறார்கள். லேப்டாப் கார்டுகள் பொதுவாக 87 டிகிரி செல்சியஸை ஒட்டித் தங்களைக் கட்டுப்படுத்திக்கொள்ளும். பிராசஸர்கள் 95, 100 டிகிரி வரை தாங்கும். கேம் தொடங்கிய பத்து நிமிடம் அருமையாக ஓடி, அப்புறம் இழுக்க ஆரம்பித்தால் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும்.

மாடித் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் மேலிருந்து ஊற்றுகிறது, கீழே குழாய் வெளியே விடுகிறது. ஊற்றுவது அதிகமாகவும் வெளியேறுவது குறைவாகவும் இருந்தாலும், காலித் தொட்டி நிரம்பும் வரை ஒரு பிரச்சினையும் தெரியாது. நிரம்பியதும் ஊற்றும் வேகத்தை வெளியேறும் வேகத்துக்குக் குறைத்தே ஆக வேண்டும். சிப் உண்டாக்கும் சூடு ஊற்றுகிற தண்ணீர். ஃபேன் தள்ளும் சூடு வெளியேறுகிற தண்ணீர். 115 வாட் என்று போட்டிருந்தாலும், ஃபேனும் செம்பும் 70 வாட் சூட்டைத்தான் வெளியே தள்ளும் என்றால், அரை மணி நேரத்தில் அது 70 வாட் லேப்டாப்தான்.

அந்தச் செம்பு என்ன செய்கிறது என்பது அழகான விஷயம். சிப்பின் மேல் படிந்து கிடக்கும் தட்டையான செம்புக் குழாய்க்குப் பெயர் ஹீட் பைப். பார்த்தால் கெட்டிக் கம்பி மாதிரி இருக்கும், ஆனால் உள்ளே காற்றை எடுத்துவிட்டுச் சில துளி நீர் மட்டும் வைத்து மூடியிருப்பார்கள். சிப் பக்கம் நீர் ஆவியாகும். மறுமுனையில், ஃபேன் காற்று படும் இடத்தில், இட்லிச் சட்டி மூடியின் உள்பக்கம் முத்து முத்தாக நிற்பது போலக் குளிர்ந்து நீராகும். உள்சுவரின் நுண்ணிய துளைகள் வழியாக மறுபடி சிப் பக்கம் ஊறி வரும். ஃபேன் ஒன்று, குழாய் இரண்டு உள்ள மெல்லிய லேப்டாப்பையும், ஃபேன் இரண்டு, குழாய் நான்கைந்து உள்ளதையும் ஒரே தராசில் வைக்க முடியாது. விமர்சன வீடியோவில் அடிமூடியைக் கழற்றிக் காட்டும் அந்தப் பகுதியை ஓட்டிவிடாமல் பாருங்கள்.

## நம்மூர் அறையின் வெப்பம்

விமர்சனங்கள் பெரும்பாலும் 22, 24 டிகிரி ஏசி அறையில் எடுக்கப்படுபவை. நம் பிள்ளைகள் வேலூரிலோ திருச்சியிலோ ஏப்ரல் மாதம் ஏசி இல்லாத ஹாஸ்டல் அறையில் உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே 35, 36 டிகிரி. ஃபேன் உள்ளே இழுப்பது அறைக் காற்றைத்தான். ஆகவே அறை 12 டிகிரி கூடினால், சிப்பும் ஏறக்குறைய 12 டிகிரி கூடும். ஏசி அறையில் 78 டிகிரியில் நின்ற கார்டு இங்கே 90-ஐத் தொட வேண்டும். 87-இல் காவல் இருக்கிறதே! ஃபேன் இன்னும் வேகமாகச் சுற்ற இடமிருந்தால் சமாளிக்கும். ஏற்கெனவே முழு வேகத்தில் இருந்தால் ஃபிரேமை விட்டுக்கொடுக்கும். விமர்சனத்தில் 70, 75 டிகிரியில் நிற்கிற மாடலைத் தேடுங்கள். அந்தப் பத்துப் பன்னிரண்டு டிகிரி இடைவெளிதான் நம் வெயிலுக்கான முன்பணம்.

மெத்தை மேல் வைத்து விளையாடுவதை மட்டும் அறவே நிறுத்த வேண்டும். பெரும்பாலான லேப்டாப்கள் அடிப்பக்கமிருந்துதான் காற்றை இழுக்கின்றன. போர்வை அந்தத் துளைகளை அடைக்கும், மெத்தையின் பஞ்சு ஃபேனுக்குள் போய், சூட்டைக் காற்றில் விடும் உலோகச் செதில்களுக்கு நடுவே திரையாகப் படியும். மேசையில் வைத்து, பின்பக்கம் இரண்டு தடித்த அழிரப்பரை முட்டுக் கொடுத்துத் தூக்கினாலே சில டிகிரி குறையும். வருடத்துக்கு ஒருமுறையாவது அடிமூடியைத் திறந்து தூசி எடுப்பது நல்லது. தைரியமில்லை என்றால் சர்வீஸ் சென்டரில் கொடுங்கள்.

## ஒரு அடாப்டர், இரண்டு வாய்

பிராசஸர், கார்டு இரண்டுக்கும் சோறு போடுவது ஒரே அடாப்டர். கார்டுக்கு 115 வாட், பிராசஸருக்கு 45 வாட், திரைக்கும் மற்றவைக்கும் 20, 30 வாட். கூட்டினால் 190-ஐ நெருங்குகிறது. ஆகவே பெட்டிக்குள் வருவது 200, 230 வாட் அடாப்டர் என்றால் கணக்கு உதைக்காது. பெட்டியில் 120 வாட் அடாப்டரை வைத்துவிட்டு 115 வாட் கார்டு என்று யாரும் சொல்ல முடியாது. டிஜிபி எங்குமே எழுதவில்லை என்றால் அடாப்டர் எத்தனை வாட் என்று பாருங்கள், உண்மை பாதி தெரிந்துவிடும்.

பிராசஸரில் ஐ5-ஆ ஐ7-ஆ என்பதை விடப் பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். இன்டெல் பிராசஸர்களில் யூ என்று முடிந்தால் 15 வாட் ரகம், எச் என்றால் 45, எச்எக்ஸ் என்றால் 55. கேமுக்கு எச் ரக ஐ5 போதுமானது. ஐ7-க்குக் கூடுதலாகப் போகும் பணத்தை வாட் நல்லபடி கிடைக்கும் கார்டு பக்கம் திருப்பினால் பலன் கண்ணில் தெரியும்.

ஹாஸ்டல் மின்சாரம் பற்றியும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். 230 வாட் அடாப்டர் முழு வேகத்தில் இழுத்தாலும் நம் 230 வோல்ட் லைனில் சுமார் 1 ஆம்பியர்தான். சாதாரண 6 ஆம்பியர் பிளக்கே தாங்கும். ஆபத்து, அதே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் 1,500 வாட் கெட்டிலையும் சொருகும்போது வருகிறது. கெட்டில் மட்டுமே 6.5 ஆம்பியர். மூன்று பின் பிளக்கை எர்த் இல்லாத பாயின்ட்டில் மாட்டினால் லேப்டாப்பின் உலோக மூடியைத் தொடும்போது கையில் சுறுசுறுவென்று ஒரு கூச்சம் தெரியும். லேப்டாப் பழுது என்று பயப்படாதீர்கள். அடாப்டரில் கசியும் மிகச் சிறிய மின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் உங்கள் வழியாகப் போகிறது. எர்த் உள்ள பாயின்ட்டுக்கு மாற்றுங்கள், வார்டனிடம் சொல்லி அந்தப் பாயின்ட்டைச் சரி செய்யச் சொல்லுங்கள்.

## வகுப்பில் என்ன ஆகும்?

கேமிங் லேப்டாப்பில் பேட்டரி நிற்காது என்பது பாதி உண்மை. பேட்டரியின் கொள்ளளவை வாட்-மணி என்று அளக்கிறார்கள்: 60 வாட்-மணி பேட்டரி, 10 வாட் இழுத்தால் 6 மணி நேரம், 15 வாட் இழுத்தால் 4 மணி நேரம். குறிப்பு எடுக்கும்போதும் பிடிஎஃப் படிக்கும்போதும் பெரிய கார்டு தூங்க வேண்டும். பிராசஸருக்குள்ளேயே இருக்கும் சின்ன கிராபிக்ஸ் திரையைப் பார்த்துக்கொள்ளும். அமைப்பில் பெரிய கார்டையே எப்போதும் விழித்திருக்கச் செய்துவிட்டால், ஒன்றரை இரண்டு மணி நேரத்தில் பேட்டரி காலி. இந்த மாற்றலுக்கான ஏற்பாட்டை மக்ஸ் ஸ்விட்ச் என்பார்கள். வகுப்புக்குக் கலப்பு நிலை, அறையில் கேமுக்கு நேரடி நிலை. மாற்ற ஒரு ரீஸ்டார்ட் ஆகலாம்.

பேட்டரியில் கேம் ஆடும் ஆசையை மட்டும் விட்டுவிடுங்கள். 120 வாட் இழுத்தால் 60 வாட்-மணி அரை மணி நேரக் கணக்கு. அதைப் பேட்டரியே தாங்காது என்பதால் லேப்டாப் கார்டைப் பாதிக்கும் கீழே அடக்கிவிடும்.

230 வாட் அடாப்டர் அரைக் கிலோவைத் தாண்டும் செங்கல். தினமும் பேருந்தில் போகிற மாணவருக்கு இது சின்ன விஷயமல்ல. டைப்-சி வழியாக சார்ஜ் ஏறும் மாடல் என்றால் 65 அல்லது 100 வாட் சின்ன சார்ஜரைப் பையில் போட்டுக்கொண்டு, செங்கலை அறையிலேயே விட்டுவிடலாம். டைப்-சி துளை இருந்தாலே சார்ஜ் ஏறும் என்று எண்ண வேண்டாம், அதைத் தனியாகக் கேட்க வேண்டும். அறையில் எந்நேரமும் சார்ஜிலேயே கிடக்கும் லேப்டாப்புக்கு 80 சதவீதத்தில் நிறுத்தும் வசதியைப் போட்டுவிடுங்கள். பேட்டரி நாலு வருடம் உழைக்க அது உதவும்.

சுருங்கச் சொன்னால், சூடு வெளியேறும் வழியும் அடாப்டரின் அளவும் டிஜிபியை உண்மையாக்குகின்றன. பேட்டரி படிப்புக்கு, சுவர்ப் பிளக் கேமுக்கு.

## வாட் கொடுத்தாலும் தீராதவை

கார்டுக்கென்று தனியாக உள்ள நினைவகம் விரேம். கேமின் படங்களும் மெஷின் லேர்னிங் மாடலும் இதற்குள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் எத்தனை வாட் கொடுத்தும் பயனில்லை, திக்கும். 3050-இல் 4 ஜிபியும் உண்டு, 6 ஜிபியும் உண்டு; 4050-இல் 6; 4060, 5050, 5060 மூன்றிலும் 8. பின்னால் கூட்டவே முடியாத பாகம் இது. வேலரன்ட் மாதிரி லேசான கேம்களுக்கு 4 ஜிபி தாங்கும். நாலு வருடம் ஓட்ட வேண்டிய லேப்டாப்புக்கு 6-க்குக் கீழே இறங்காதீர்கள். மெஷின் லேர்னிங் பக்கம் போகிற மாணவருக்கு 8.

ரேம் வேறு, அதைக் கூட்டலாம். ஆனால் எப்படி வருகிறது என்று பாருங்கள். 8 ஜிபியாக இரண்டு குச்சிகள் இருந்தால் பிராசஸருக்கும் ரேமுக்கும் இடையே இரண்டு பாதைகள். 16 ஜிபி ஒரே குச்சியாக இருந்தால் ஒரு பாதை. இரண்டு பாதை உள்ளதை டூயல் சேனல் என்பார்கள். கேமில் வித்தியாசம் தெரியும். ஒரே குச்சியோடு வந்தால் இன்னொரு காலி ஸ்லாட் இருக்கிறதா என்று கேளுங்கள். போர்டிலேயே பற்றவைத்த ரேம் என்றால் வாங்கும்போதே 16 இருக்கட்டும். கோப்புகளைச் சேமிக்கும் எஸ்எஸ்டி 512 ஜிபி என்றால் விண்டோஸில் 476 என்றுதான் காட்டும், ஏமாற்று அல்ல. இரண்டு பெரிய கேமும் ஒரு பொறியியல் மென்பொருளும் ஏற்றினால் நெருக்கடி வரும், ஆகவே இன்னொரு எஸ்எஸ்டி மாட்ட இரண்டாவது எம்.2 ஸ்லாட் இருப்பது வரம்.

திரையில் எல்லோரும் 144 ஹெர்ட்ஸை, அதாவது நொடிக்கு 144 முறை படம் மாறுவதை, பார்க்கிறார்கள். நிறத்தை யாரும் பார்ப்பதில்லை. திரை காட்டும் நிறங்களின் பரப்பை என்டிஎஸ்சி, எஸ்ஆர்ஜிபி என்ற அளவுகோல்களில் சொல்வார்கள். '45 சதவீதம் என்டிஎஸ்சி' என்று எழுதியிருந்தால் சிவப்பு செங்காவியாக வெளுத்துத் தெரியும். '100 சதவீதம் எஸ்ஆர்ஜிபி', 300 நிட்ஸ் வெளிச்சம், இவை இருந்தால் பகலில் ஜன்னலோரம் உட்கார்ந்தும் படிக்கலாம். நாலு வருடமும் கண் பார்க்கப் போவது அந்தத் திரையைத்தான்.

## கடையிலும் முதல் வாரத்திலும்

கடையில் காட்சிக்கு வைத்திருக்கும் லேப்டாப்பிலேயே டிஜிபியைப் பார்க்க முடியும். டெஸ்க்டாப்பில் வலது கிளிக் செய்து என்விடியா கன்ட்ரோல் பேனலைத் திறந்து, அதில் சிஸ்டம் இன்ஃபர்மேஷனைச் சொடுக்கினால் வருகிற பட்டியலில் 'மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்' என்ற வரிக்கு நேரே வாட் இருக்கும். அதில் டைனமிக் பூஸ்ட் என்று பிராசஸரிடமிருந்து கடன் வாங்கும் வாட்டும் சேர்ந்திருக்கலாம். 140 என்று காட்டினால் 115-உம் கடன் 25-உம் என்று எடுத்துக்கொள்ளுங்கள். ரேம் குச்சிகளை டாஸ்க் மேனேஜரில் பெர்ஃபார்மன்ஸ், மெமரி பக்கத்தில் 'ஸ்லாட்ஸ் யூஸ்டு' என்ற இடத்தில் பார்க்கலாம். ஆன்லைனில் வாங்கினால், விற்கும் தளத்தின் பக்கத்தை விடத் தயாரிப்பு நிறுவனத்தின் சொந்தப் பக்கத்தில் முழு மாடல் எண்ணைத் தேடுங்கள். ஒரே பெயரில் கடைசி இரண்டெழுத்து மாறினால் திரையும் டிஜிபியும் மாறும்.

வீட்டுக்கு வந்ததும் மாற்றிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சார்ஜரை மாட்டி, பவர் மோடை பெர்ஃபார்மன்ஸுக்கு மாற்றி, எச்டபிள்யூஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளைத் திறந்து வைத்து, கனமான கேம் ஒன்றை ஏசி இல்லாத அறையில் அரை மணி நேரம் ஓட்டுங்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஜிபியு பவர் எத்தனை வாட், வெப்பம் எத்தனை டிகிரி என்று தாளில் குறியுங்கள். இருபத்தைந்தாவது நிமிடத்தில் மறுபடி குறியுங்கள். 95 வாட் 90-ஆகக் குறைந்தால் இயல்பு. 95 என்று தொடங்கி 60-இல் வந்து நின்றால், வெப்பமும் 87-ஐ ஒட்டி நின்றால், சூடு வெளியே போகவில்லை என்று அர்த்தம். சிப்பின் சூட்டைச் செம்புக்குக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் சரியாகப் படியாமலும் இருக்கலாம். சைலன்ட் மோடிலோ பேட்டரியிலோ வைத்துச் சோதித்துவிட்டு இப்படிப் பதறுபவர்கள் நிறைய, அதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சரியாகச் சோதித்தும் அப்படியே இருந்தால், இரண்டு நேரத்துத் திரையையும் போனில் படம் எடுத்து வைத்துக்கொண்டு, அட்டைப் பெட்டியையும் பில்லையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கடைக்குப் போங்கள்.